பழுது: உப்பு

குளச்சல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பத்துக்கு எட்டு அடிக் கடை.
பெயர்ப்பலகையில் முன்னும் பின்னும் துரு தின்று
நடுவில் 'ட்ரானி' மட்டும் மிச்சம்.
நாலு திருகாணி கழற்றி
முதுகை நெம்பித் திறந்தால் போதும்,
இந்த டிவி எந்தத் தெருவில் ஓடியது என்று
முகவரி கேட்காமல் சொல்வேன்.

கடலைப் பார்த்த முதல் வரிசை வீடென்றால்
திருகாணியே வராது. தலை உதிர்ந்து
காப்பிப்பொடி போல விரலில் ஒட்டும்.
இரண்டாம் வரிசைக்குச் செம்பில் பச்சை.
சந்தைக்கு வடக்கே போனால் வெறும் வேர்வை,
துடைத்தால் சரியாகும்.
திங்கள்நகர்ப் பெட்டிகளில் பல்லி முட்டை.
குலசேகரத்து மிக்சியில் ரப்பர் ஷீட்டின் புகைநெடி,
மழை விடாத ஊரின் வெள்ளைப் பூஞ்சணம்.
ஆரல்வாய்மொழியிலிருந்து
ஒரே ஒரு ரேடியோ வந்தது இத்தனை வருஷத்தில்.
உள்ளே காற்று அள்ளிப் போட்ட மண்.
கடையைக் கூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

அளக்கிறவர்கள் டிகிரியில் சொல்லட்டும்.
இருபத்தைந்துக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே
ஆண்டு முழுக்க ஒரே சட்டைதான்
போட்டிருக்கிறது எங்கள் ஊர்.
குளிர்காலம் வந்திருக்கிறது என்பதை
மலையிலிருந்து வரும் பஸ்ஸில்
மப்ளரோடு இறங்குகிறவர்களைப் பார்த்துத்
தெரிந்துகொள்வோம்.

ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது,
அதுதான் இங்கே பருவம்.
இடவப்பாதி மேற்கிலிருந்து சாய்வாக நுழையும்.
மேற்கே சன்னல் வைத்த வீடுகளின் சுவிட்ச் பெட்டிகள்
மறுநாளே என் மேசைக்கு வந்துவிடும்.
ஐப்பசி அப்படியில்லை,
காலையெல்லாம் நல்ல பிள்ளையாக வெயில் காட்டி
நாலு மணிக்கு மேல் இடிப்பான்.
கருகின வாசத்தோடு மோடம்கள் வரிசையில் நிற்கும்.
இரண்டு மழையும் எனக்குப் படியளக்கிற முதலாளிகள்.
ஒருத்தர் ஊறவைப்பார், ஒருத்தர் எரிப்பார்.
மாசி பங்குனியில்தான்
என் சொந்த ஃபேனுக்கு எண்ணெய் விட நேரம்.

போன வைகாசியில் கொட்டில்பாட்டு ததேயு வந்தான்.
பதினோரு வருஷம் கத்தார்,
முடித்துக்கொண்டு வந்தாச்சாம்.
போன் சார்ஜ் ஏறவில்லை.
திறந்தேன்.
மாவு போல மெல்லிய மணல்.
அதற்கடியில் செம்பு,
புளி போட்டு விளக்கின மாதிரி.
ஆறு வருஷப் போன், ஒரு புள்ளி துரு கிடையாது.
"அங்க ஒண்ணும் கெடாது அண்ணே,
ரொட்டி கூடக் காஞ்சுதான் போவும்" என்றான்.
தூரிகையால் தட்டின மணலைப்
பேப்பர் துண்டில் மடித்துக் கொடுத்தேன், விளையாட்டாக.
சிரிக்காமல் வாங்கிப்
பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு ஆனி, ஆடி.
கச்சான் வீசி வள்ளமெல்லாம் கரையேறி
அலை நுரை தெருவிளக்கு வரை பறந்த நாட்கள்.
தீப்பெட்டி மூன்றாவது குச்சிக்குத்தான் பற்றியது.
உப்பு ஜாடியில் உப்பு குளமாக நின்றது.
அப்பளம் பொரித்த கையோடு தின்றால் உண்டு.

ஆவணி பிறந்த மறுநாள்
அதே போன், அதே ஆள்.
முகம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கியது.
"முதல்ல ஒரு வாரம் உறக்கமே இல்ல அண்ணே,
மெத்த நனைஞ்சு கெடக்கமாதிரி இருந்துச்சு.
இப்பப் பழகிட்டு.
மாமன் வள்ளத்தில ஒரு பங்கு சேந்திருக்கேன்."

கழற்றினேன்.
பாட்டரி உட்காரும் ஓரத்தில்
கடுகளவு பச்சை.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சை எடுத்த கை
கொஞ்சம் நின்றது.
அவனும் எட்டிப் பார்த்தான்,
பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைப்
பார்க்கிறவன் போல.

துடைத்தேன். அது என் தொழில்.
சீட்டில் 'பழுது' என்ற கட்டத்தில்
'உப்பு' என்று எழுதினேன்.
நூற்றைம்பது கேட்டேன், நூற்றிருபது தந்தான்.
மீதி மீனாக வரும் என்றான்.
நெத்திலி என்றால் நல்லது என்றேன்.

வெளியே சாரல்.
குடை இருந்தும் விரிக்காமல் இறங்கினான்.
ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்து
எண்ணெய் தடவி வைத்தேன்.
நாளைக் காலைக்குள்
அதன் நுனி எப்படியும் பழுத்திருக்கும்.