புந்தா அரேனாஸ் நேரம்

ஒன்பது மாத வாடகை பாக்கிக்கு ஈடாக
எவரிஸ்டோ விட்டுப்போனது இது ஒன்றுதான்.
மூடியில் விரிசல். பேட்டரி செத்து ஆறு வருடம்,
வயர் கழன்றால் உயிர் போய்விடும்.
நண்டுப் படகுகளுக்கு மோட்டார் பழுது பார்த்தவன்
விண்டோஸைப் பிடுங்கி எறிந்து
உபுண்டு போட்டுக் கொடுத்தான்,
அது வட்டியாம்.

பதினொரு வருடமாக
விடியாத இரண்டரை மணிக்கு
என் பேக்கரியில் அவனைத்தான் வரவேற்கிறது:
வருக, எவரிஸ்டோ.
நான் யஸ்னா.
மாவு அப்பிய விரலால்
அவன் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போவேன்.
யாருக்கு எத்தனை ரொட்டி, யார் எவ்வளவு பாக்கி,
எல்லாம் அவன் பெயர் எழுதிய வீட்டுக்குள்.

கடிகாரத்தின் கதை தனி.
ஏப்ரலில் சாந்தியாகோ ஒரு மணி நேரம் பின்னால் போகும்.
இந்தத் தென்கோடியில் நாங்கள் போகமாட்டோம் என்று
சில வருடங்களுக்கு முன் முடிவாயிற்று.
ஜூனில் கிடைப்பதே ஏழு மணி நேர வெளிச்சம்,
அதில் சாயங்காலத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்?
செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்தது,
பெட்டிக்குத் தெரியவில்லை.
அப்டேட் கேட்டால்
அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பிவரும்.
முதல் குளிர்காலம் அது மூன்று என்றது, ஊர் நான்கு என்றது.
துறைமுகத்துக்குப் போகவேண்டிய இருநூறு ரொட்டி
அடுப்புக்குள் நின்றது.
அன்றைக்கே அதனிடம் ஒரு பொய் சொன்னேன்:
நாம் இருப்பது புவனோஸ் ஐரஸ்.
நம்பிவிட்டது.
அதற்கப்புறம் பக்கத்து நாட்டு நேரத்தில்தான்
வெந்தது எங்கள் ஊர் ரொட்டி.

போன வாரம் வரி கட்டும் பக்கமும்
இந்தக் கிழத்துக்குக் கதவைச் சாத்தியது.
கறிக்கடை திஹோமிர்
டெபியனை ஒரு பென்டிரைவில் எழுதிக் கொடுத்தான்.
"முப்பத்திரண்டு பிட்காரர்களுக்கு
இங்கே இன்னும் இடம் இருக்கிறது,
சீக்கிரம் போ, அதையும் மூடிவிடுவார்கள்."
எலும்பை வெட்டிக்கொண்டே சொன்னான்.

ஞாயிறு மதியம். காற்று தகரத்தைப் பிய்க்கிறது.
என் கணக்குகளைப் படியெடுக்கும்போதுதான் பார்த்தேன்,
அடியில் மோட்டார் வரைபடங்கள்,
ஒற்றைக் காது நாயின் படம்,
'யஸ்னா' என்று ஒரு கோப்பு.

திறந்தேன்.
ஒன்பது வரி. ஒன்பது மாதம், பெசோ சுத்தமாக.
பத்தாவது வரியில் இந்த லாப்டாப்புக்கு ஒரு விலை போட்டு
கழித்திருக்கிறான்.
மிச்சம் நாற்பத்தோராயிரம்.
அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

நீல, சாம்பல் நிறத் திரையில்
புதியவன் ஒவ்வொன்றாகக் கேட்டான்.
என்ன மொழி. என்ன விசைப்பலகை.
இந்த இயந்திரத்துக்கு என்ன பெயர்:
அடுப்பு என்று போட்டேன்.
உங்கள் பெயர்?
ஐந்து எழுத்தைத் தட்ட எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.
எந்த ஊர் நேரம்?
சாந்தியாகோ. ஈஸ்டர் தீவு.
மூன்றாவதாக,
விளம்பரம் எதுவும் இல்லாமல்,
புந்தா அரேனாஸ்.

எங்கேயோ ஒருவர் எங்கள் சாயங்காலத்தைக் கேள்விப்பட்டு
ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறார்.
பெயர் தெரியாது. ரொட்டி கொடுத்தனுப்பவும் வழியில்லை.

அதற்கப்புறம்தான் கேட்டது:
வட்டில் உள்ளதெல்லாம் அழியும், தொடரவா?
கட்டம் 'இல்லை'யில் நின்றிருந்தது.
அப்படித்தான் நிறுத்தி வைப்பார்களாம்.
ஒரு தடவை அம்புக்குறி.
ஒரு தடவை என்டர்.
மின்விசிறி மட்டும் கொஞ்சம் உரக்க மூச்சு விட்டது.

திங்கள், இரண்டரை மணி.
சுவரும் இரண்டரை, திரையும் இரண்டரை.
என் பெயர் கேட்டு, என் கடவுச்சொல் கேட்டு,
முழுசாக எழ ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டது.
ரொட்டிக் கடன்காரர் பட்டியலைத் திறந்து
பள்ளிக்கூடச் சமையல்காரிக்கும்
டாக்ஸிக்கார ரத்கோவுக்கும் நடுவில்
புது வரி ஒன்று சேர்த்தேன்:
எவரிஸ்டோ, நாற்பத்தோராயிரம்.

ஒலி இன்னும் வரவில்லை.
ரேடியோ இல்லாமல் பிசைகிறேன்.
திஹோமிர் ஏதோ ஒரு தொகுப்பின் பெயர் சொன்னான்,
மாவுச் சாக்கின்மேல் எழுதி வைத்தேன்,
அந்தச் சாக்கைத்தான் இப்போது காணோம்.