பெயர் கேட்கப்பட மாட்டாது

ஜஹ்ராவில், சிவப்புக் கோட்டைக்குப் பின்தெருவில்,
அபு மிஷாலின் திவானியாவில்
இருபத்தொரு நாளாக ஒரே பேச்சு:
துப்பாக்கியைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா.

நான் பகலில் டிரைவர். இரவில் காவா ஊற்றுகிறவன்.
ஃபின்ஜானை ஆட்டினால் போதும் என்று அர்த்தம்.
அந்த இருபத்தொரு நாளும்
ஒருவரும் சீக்கிரம் ஆட்டவில்லை.

"அந்த ஆகஸ்டில்" என்று ஆரம்பிப்பார் அபு மிஷால்.
தொண்ணூறாம் வருஷம். விடிந்தபோது தெருவில் அடுத்த நாட்டு டாங்கி.
"போலீஸ் வந்தானா? பட்டாளம் வந்ததா?
கட்டிலுக்கடியில் இது இருந்தது.
இது இருந்ததால் என் தங்கைகள் இருக்கிறார்கள்."
அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது.
எனக்கும்தான்.

அந்தத் தங்கைகளில் ஒருத்தியின் மகன் நவ்வாஃப்,
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன்.
"மாமா, டாங்கி போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.
இப்போது என் படங்களில் தெரிகிற குண்டு
கல்யாண வீட்டிலிருந்து வருகிறது.
பார்க்கிங் சண்டையிலிருந்து வருகிறது.
மேலே சுட்டதை வானம் என்ன வாங்கி வைத்துக்கொள்ளுமா?"

துப்பாக்கி இல்லாத வீடு தாழ்ப்பாள் இல்லாத வீடு என்றார் ஒருவர்.
"தாழ்ப்பாள் யாரையும் கொன்றதில்லை" என்றான் நவ்வாஃப்.
சிரித்தார்கள். பேரீச்சங்கொட்டைகள் தட்டில் விழுந்தன.
நானும் சிரித்தேன்,
அரபி முழுசாகப் புரிந்தவன் மாதிரி.

என் அறையில் மூன்று கட்டில்.
நடுக்கட்டில் மிக்கேல் பர்னாந்து, மணப்பாட்டுக்காரன்.
அக்டோபரில் ஒரு வியாழன் ராத்திரி
எந்த மாப்பிள்ளைக்காகவோ மேலே போன குண்டு
எங்கள் தகரத்தைத் துளைத்து
அவன் கழுத்து வழியே மெத்தைக்குள் இறங்கியது.
மூன்று தெரு தள்ளி அப்போதும் மேளம்.

கம்பெனிக் காகிதத்தில்
'சாரத்திலிருந்து விழுந்தார்' என்று இருக்கிறது.
பெட்டி திருவனந்தபுரம் போனது.
வெள்ளிக்கிழமை நான் அறையில் இருந்தால் பார்ப்பேன்,
பத்து மணிக்கு, காசு அகலத்தில் ஒரு வெயில்
அவன் தலையணை இருந்த இடத்தில் வந்து நிற்கும்.
குண்டு மெத்தைப் பஞ்சில் கிடைத்தது.
அவனுடைய மீசைக் கத்தரி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இருபத்திரண்டாம் நாள் அபு மிஷால் எழுந்தார்.
யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியாது.
பேரன் கட்டிலுக்கடியில் தவழத் தொடங்கியிருந்தான்,
அதுவாக இருக்கலாம்.
கம்பளியில் சுற்றி நீட்டினார்.
"நீயே கொண்டு போ. எனக்கு மனசு வராது."

டிக்கியில் அது. ஆறாம் ரிங் ரோட்டில் நான்.
ஸ்டேஷன் வாசலைத் தாண்டிவிட்டால் பொதுமன்னிப்பு.
வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் மடக்கினால்
கலாஷ்னிகோவுடன் பிடிபட்ட இந்தியன்.
உரிமை, உரிமை என்று அத்தனை நாள் பேசினார்களே,
இந்த ஒரு கிலோமீட்டர் அதில் வரவேயில்லை.
எண்பதில் போனேன். எழுபதுக்கு இறக்கினேன்.
மெதுவாகப் போனாலும் சந்தேகப்படுவான்.
மறுபடி எண்பது.

ஸ்டேஷனில் பெரிய பலகை.
கேள்வி இல்லை, வழக்கு இல்லை, பெயர் கேட்கப்பட மாட்டாது.
அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவன்
என் சிவில் ஐடியை வாங்கி
இரண்டு பக்கமும் நகல் எடுத்தான்.
"ஒரே ஒரு தோட்டா என்றாலும் கொடுத்துவிட வேண்டும்.
வேறு ஏதாவது இருக்கிறதா?"

சட்டைப்பையில் டப்பா.
கத்தரி லேசாகக் குத்தியது.

"மாஃபி" என்றேன்.
அரபியில் எனக்குப் பிசகாமல் வருகிற சொல்.

திரும்பி வந்தபோது திவானியாவில் அவர் மட்டும் இருந்தார்.
"ரசீது கொடுத்தார்களா?"
இல்லை.
"கனமாக இருந்ததா?"
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஃபின்ஜானை நீட்டினார்.
ஊற்றினேன்.