பதினொன்று வரை

காரங்காட்டுக் கழிமுகத்தில் மார்கழித் தண்ணீர்
முழங்காலைக் கடிக்கிறது.
இந்தக் குளிரில் கொடுவா துரத்தாது.
தாடைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாலும்
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல
ஒரு பார்வை பார்க்கும்.

அதனால் மெதுவாக மூழ்குகிற பொய்மீன்.
விரல் நீளம். மூக்கிலும் வாலிலும்
ஒவ்வொரு தகர விசிறி.
தோஹாவில் ஒருநாள் ஓவர்டைம் இதற்குப் போனது,
வீட்டில் விலை சொல்லவில்லை.

வீசிவிட்டு எண்ணுகிறேன்.
ஐந்தில் கண்டல் வேரைத் தாண்டும்.
பதினொன்றில் சேறு.
சேற்றுக்கு ஒரு சாண் மேலே
கைப்பிடியில் அரைச் சுற்று,
விசிறியின் அதிர்வு நரம்பு வழியாக
விரலுக்கு வரும்.
நிறுத்து.
மறுபடி விழட்டும்.

வாடை காதுக்குள் குடியேறிவிட்டது.
முப்பது வீச்சு இருக்கும்; எண்ணியது
ஆழத்தை மட்டும்தான்.

பத்தில் கனம்.
துடிப்பில்லை, கனம் மட்டும்.
குளிர்காலத்துப் பெரிய மீன் அப்படித்தான் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.
அதுவும் இழுத்தது.
நிதானமாக, ஆள் மாதிரி.

ஆள்தான்.
இருட்டுக்குள்ளிருந்து இஞ்ஞாசி:
“எவன்டா என் வலையில?”

அரைமணி நேரம், ஒரே டார்ச், நாலு கை,
கொக்கியை வலைக்கண்ணிலிருந்து பிரித்தெடுக்க.
அவனுக்கு ரெண்டு மடவை, ஒரு நண்டு.
எனக்குச் சளி.
விசிறியை நகத்தால் சுண்டிச் சுழலவிட்டான்.
“இத மீனு நம்புமா?”
“நீ நம்பி இழுத்தியே.”

விலை கேட்டான்.
அவனுக்கும் சொல்லவில்லை.

அடுத்த வீச்சுக்கு அவனும் சேர்ந்து எண்ணினான், சத்தமாக.
நான் ஆறில் இருக்கும்போதே
பதினொன்றை முடித்துவிட்டு
“என்னடா?” என்றான்.