சரளை வளைவு

ஞாயிறு காலை, உபின் தீவு.
நேற்றைய மழை சரளைகளை வளைவின் ஓரத்துக்குக்
கூட்டித் தள்ளியிருக்கிறது.

வேகத்தை முன்பே குறைத்தாயிற்று.
வளைவுக்குள் முன்பிரேக் கூடாது:
போன மாதம் தொட்டதற்கு
முழங்கையில் இன்னும் ரசீது.

வெளிப்பக்க மிதி கீழே.
மொத்த எடையும் அந்த ஒற்றைக் காலில்.
சைக்கிள் சாயட்டும், நான் சாயாமல்,
கைப்பிடியில் விரல்கள் பட்டும் படாமல்.
பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கும்.
வழுக்கட்டும், இறுக்கினால்தான் விழுவோம்.

கல்லைப் பார்த்தால் கல்லுக்கே போகும் வண்டி.
அதனால் கண்ணை
வளைவு முடியும் இடத்துக்கு அனுப்புகிறேன்.

அங்கே நிற்கிறது ஒரு காட்டுப்பன்றி,
பின்னால் வரிபோட்ட ஐந்து குட்டிகள்,
அவசரமே இல்லாமல்.

இப்போது எங்கே பார்ப்பது?

பின்னாலிருந்து தவமலர் கத்துகிறாள்,
“பிரேக்கைப் பிடிடீ!”