ஆறாம் நாள் காய்ச்சல்

முதல் மூன்று நாளும் அதை வெறும் காய்ச்சல் என்றே நம்பினோம்.
பிடோக் கிளினிக்கில் வாயைத் திறந்து பார்த்து
கை கால் வாய் நோயாக இருக்கலாம் என்றார்கள்.
பாலர் பள்ளிக்கு அப்படியே தகவல் அனுப்பினேன்.
அவர்கள் பொம்மைகளைக் கழுவி வெயிலில் வைத்தார்கள்.

நான்காம் நாள் கண் சிவந்தது. பீளை இல்லை.
நாக்கு சிவந்து புள்ளி புள்ளியாய்த் தடித்தது.
எழினி பாலைத் தள்ளினாள், தண்ணீரைத் தள்ளினாள்,
ஷர்மிளாவின் கையைத் தள்ளினாள்.
பாதம் வீங்கி, செருப்பு ஏறவில்லை.

ஆறாம் நாள் கே.கே.யில், இரவு பதினொன்றரைக்கு,
டாக்டர் ஓங் அவள் சட்டைக் கையை மேலே தள்ளி
பிறந்த வாரம் போட்ட பி.சி.ஜி. தழும்பைத் தேடினார்.
இரண்டரை வருடமாய்ச் சும்மா கிடந்த தழும்பு
சுற்றிலும் சிவந்து விழித்திருந்தது.
பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
டாக்டர் உட்கார்ந்தால் எனக்குப் பயம்.

கவாசாக்கி என்றார்.
அண்ணன் மகனின் மோட்டார்சைக்கிள் ஞாபகம் வந்து
சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ரத்தக் குழாய்களின் சுவர் அழன்று வீங்குகிறது.
இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்
பலூன் மாதிரி புடைக்கலாம்.
ஏன்?
யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது.
நீங்கள் கொடுத்த எதனாலும் இல்லை,
கொடுக்காத எதனாலும் இல்லை என்றார்
ஷர்மிளாவைப் பார்த்து, கேட்காமலே.
அவள் அப்போதுதான் அழுதாள்.

நான் குழாய்க்குக் காது கொடுப்பவன்.
இரவு ஒன்றிலிருந்து நான்கு வரை
ஊர் தண்ணீரை மூடிவிட்டுத் தூங்கும்போது
சாலையில் இரும்புக் கோலை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து
மண்ணுக்குள் எங்கே கசிகிறது என்று சொல்வது வேலை.
அறுபது வருட வார்ப்பிரும்பு என்றால் புரியும்.
மூட்டு தளரும், துரு தின்னும்.
இரண்டரை வயதுக் குழாய்க்கு என்ன வந்தது?

எக்கோ அறையில் விளக்கை அணைத்தார்கள்.
பசை தடவி, அவள் நெஞ்சில் சின்னக் கோல் ஒன்றை வைத்து
திரையைப் பார்த்தபடி ஒரு பெண் மூச்சை அடக்கினாள்.
அந்தக் கழுத்துச் சாய்வு எனக்குத் தெரியும்.
இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை.
நானும் வீட்டுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்வேன்.

மருந்து கண்ணாடிப் புட்டியில் வந்தது.
ஆயிரக்கணக்கானவர் ரத்தத்திலிருந்து வடித்தது என்றாள் தாதி மரிசெல்.
பன்னிரண்டு மணி நேரம் சொட்டியது.
எந்த நாட்டிலோ ஒருவர் ஊசி குத்திய கையை மடித்துப் பிடித்து
கொடுத்த பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு
பஸ் பிடிக்க ஓடியிருப்பார்.
விடியும்போது நெற்றி வியர்த்தது.
"ரொட்டி" என்றாள்.

தினமும் கொஞ்சம் ஆஸ்பிரின். ஆறாவது வாரம் மறுபடி எக்கோ.
பன்னிரண்டாம் நாள் விரல் நுனியில் தோல் உரிந்தது.
ஸ்டிக்கர் போல் பிய்த்து என் உள்ளங்கையில் ஒட்டினாள்.
"அப்பாவுக்கு."
எறிய வரவில்லை. ஈசிலிங்க் அட்டை உறைக்குள் செருகினேன்.

நேற்று ஊபி பக்கம் வேலை.
கோலை ஊன்றினேன். ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்றும் கேட்காவிட்டால் அடுத்த மூடிக்கு நகர வேண்டும்.
சூப்பர்வைசர் லிம் இரண்டு தடவை டார்ச் அடித்தார்.
இன்னும் கொஞ்ச நேரம் காதை எடுக்காமல் குனிந்திருந்தேன்.