கப்பல் பட்டியல்

ஏப்ரல். பாஃபின் தீவைச் சுற்றிக்
கடல் இன்னும் கல்.
சமையல் மேசையில் படிவத்தை விரித்து
ஒரு முழு வருடத்தை எண்ணால் எழுத உட்கார்கிறேன்.

மாவு, இருபது கிலோ மூட்டை: பன்னிரண்டு.
தேயிலை, சர்க்கரை, உப்பு: போன வருடம் போல.
கழிவறைத் தாள்: இருநூற்று எண்பத்தெட்டுச் சுருள்.
யாரும் சிரிக்க வேண்டாம்.
மார்ச்சிலேயே தீர்ந்துபோன வீட்டுக்குத்தான்
அதன் அருமை தெரியும்.

வரிப்பணம் திரும்பி வந்த வாரம் இது.
இப்போது விட்டால்
ஊரின் ஒரே கடையில்
ஒரு புட்டி ஜாமுக்கு
அது பறந்து வந்த விமானச் செலவையும்
சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சீலும் மீனும் கலைமானும் பட்டியலில் இல்லை.
அவை தம் இஷ்டத்துக்கு வரும், வராமலும் போகும்.
தோட்டா மட்டும் எழுதுகிறேன்: ஆறு பெட்டி.

டயப்பரில் வந்து பேனா நிற்கிறது.
மகளுக்கு ஐந்து மாதம்.
கப்பல் வரும்போது பத்து.
அதற்கடுத்த கப்பலுக்கு இரண்டு வயதை எட்டிப் பிடிப்பாள்.
அவள் தொடை எந்த மாதம் எவ்வளவு சதை போடும் என்று
இன்றைக்கே நான் சொல்லியாக வேண்டும்.
அளவு மூன்று: நான்கு பெட்டி.
அளவு நான்கு: ஏழு.
ஜோசியக்காரியிடம்கூட
இத்தனை கறாராக யாரும் கேட்பதில்லை.

எதிரில் என் அண்ணன் சாய்லா,
என் டீயை ஊதிக் குடித்தபடி:
“காபி ஆறு டின் போடு. காசு நான் தருகிறேன்.”
தருவான். பாதி.
“கடுகுச் சாந்தை மட்டும் பார்த்து எழுது.”
போன வருடம் பன்னிரண்டு புட்டி என்று நினைத்து
பன்னிரண்டு பெட்டி எழுதிவிட்டேன்.
ஊரே மஞ்சள் நாக்கோடு திரிந்தது.

ஜூனில், பனி விரிசல்விடத் தொடங்கிய இரண்டாம் நாள்,
படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவன்
அப்படியே சாய்ந்தான்.
ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

பட்டியலைத் திருத்த முடியாது.
மே மாதத்தோடு கணக்கு முடித்துவிடுவார்கள்.

செப்டம்பர். கப்பல் தள்ளி நின்றுகொண்டது.
ஓதம் ஏறியதும் மிதவைகள் ஒவ்வொன்றாகக் கரை தட்டின.
ஊர் முழுக்கக் கடப்பாரைச் சத்தம்.
எங்கள் மரப்பெட்டியில் என் பெயருக்கு ஓர் எழுத்து குறைவு.
கணவர் ஆணிகளை வளையாமல் பிடுங்கினார்;
பலகை நாய்க்கூண்டுக்கு.

மாவு நனையவில்லை. தோட்டா சரி.
அளவு மூன்று, பிரிக்கும் முன்பே சின்னதாகிவிட்டது.
நான்கு வீடு தள்ளி ஆப்பியாவின் பையனுக்குப் போனது.
பதிலுக்கு அரை மூட்டை ஓட்ஸும்
ஒரு சைக்கிள் டயரும் வந்தன.
டயர் எதற்கென்று இன்னும் நாங்கள் கேட்கவில்லை.

அடியில் ஆறு டின் காபி.
எங்கள் வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை.
மேல்தட்டில் வைத்தேன்.
பிறகு கீழ்த்தட்டில்.
பிறகு அடுப்புக்குப் பக்கத்தில்.

அக்டோபரில் ஒரு புயல் நாள்.
தண்ணீர் லாரி ஓட்டும் நூவா
மீசையில் பனியோடு உள்ளே வந்து நின்றான்.
முதல் டின்னைத் திறந்தேன்.
மறுநாளும் வந்தான், கூட இரண்டு பேர்.
அண்ணனோடு பனிவிளிம்புக்குப் போய் வந்தவர்கள்.
அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.
காற்று, ஹாக்கி, பெட்ரோல் விலை,
யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது.
ஜனவரியில் ஆறாவது டின்னின் அடித்தகடு தெரிந்தது.
அதன் பிறகு அவர்களே வாங்கி வந்தார்கள்.
பாதி டின், பாதி டின்னாக.

மறுபடி ஏப்ரல்.
மேசைக்கடியில் மகள் பேனா மூடியைக் கடிக்கிறாள்.
அளவு ஐந்து: பார்க்கலாம்.
காபி: பதினொன்று.
கடுகுச் சாந்து: வேண்டாம்.
இன்னும் இருக்கிறது.