பழைய விலை

பாம்பன் தெற்குவாடியில்
பிரிட்டோ கருவாட்டுக் கடையின் குரல் நான்.
மாசம் மூவாயிரம், நெட்டுக்குத் தனி.
'வணக்கம் உறவுகளே' என்று தொடங்குவது நான்தான்.
அண்ணன் அப்படிப் பேசவே மாட்டார்.
'ம்' என்பார். 'வேணுமா, வேணாமா' என்பார்.
அவருடைய பக்கத்தில் மட்டும்
அவர் இனிமையானவர்.

இன்னும் இரண்டு பக்கங்கள் என் கையில்:
தங்கச்சிமடத்தில் ஒரு அழகு நிலையம்,
உச்சிப்புளியில் ஒரு டயர் கடை.
ஒருமுறை நள்ளிரவில் கை தவறி
மணப்பெண் அலங்காரத்துக்குக் கீழே
'முள் நீக்கிச் சுத்தம் செய்து தரப்படும்' என்று போட்டுவிட்டேன்.
பதினோரு பேர் சிரித்திருந்தார்கள்.
ஒருத்தி விலை கேட்டிருந்தாள்.

கோயம்புத்தூர்க்காரர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்:
'வாடை தாங்க முடியவில்லை.'
அன்றைக்கு இங்கேயும் வாடைதான்,
தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மார்கழி வாடை.
வலைமேல் காயப்போட்ட நெத்திலியில்
பாதியை மணல் எடுத்துக்கொண்டது.
'எங்களுக்கும்தான் ஐயா' என்று எழுதி
அழித்துவிட்டு
'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று போட்டேன்.

அந்த வீடியோ மாசியில் எடுத்தது.
பதினெட்டு நொடி.
ஒரு அக்கா நெத்திலியைக் கிளறிவிடுவாள்,
பின்னால் நீல விசைப்படகு ஒன்றில்
ஐஸ் ஏறிக்கொண்டிருக்கும்.
மேலே மஞ்சள் எழுத்தில்: கிலோ 380.
நானூறு பேர் பார்த்தார்கள்.
பாட்டு நல்லாயிருக்கு என்றார்கள்.

பங்குனியில் அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
எல்லை தாண்டியதாக.
ஏழு பேர் என்று செய்தியில் வந்தது.
அன்றைக்கு வாளைக் கருவாட்டுக்குத் தள்ளுபடி போட வேண்டிய நாள்.
'இன்னைக்கு வேணாம்' என்றார் அண்ணன்.

சித்திரையில் தடைக்காலம்.
நெத்திலி நானூற்று அறுபது.
'பழைய விலை இருக்கிறதையெல்லாம் தூக்கிரும்மா,
முன்னூத்தி எம்பதுன்னு காட்டிச் சண்டைக்கு வர்றானுக.'
உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தூக்கினேன்.
அதன்மேல் விரல் வைத்தபோதுதான் பார்த்தேன்:
ஐயாயிரத்துச் சொச்சம்.
புதிதாய் ஒரு லைக் இல்லை, ஒரு ஷேர் இல்லை,
பார்வை மட்டும் ஏறியிருக்கிறது.

உள்ளே ஒரு கோடு உண்டு,
ஆட்கள் எந்த நொடியில் விலகிப் போகிறார்கள் என்று காட்டும்.
எல்லா வீடியோவிலும்
அது கரை சரிவது மாதிரி சரியும்.
இதில் ஏழாவது நொடியில் ஒரு மேடு.

போட்டுப் பார்த்தேன்.
நெத்திலி. கை. ரப்பர் வளையல்.
பின்னால் ஒரு ஆள்
ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
இந்தப் பக்கம் திரும்பி
முகம் துடைக்கிறார்.
அவ்வளவுதான்.

திறக்காத செய்திகளின் அடியில் கிடந்தாள்
ரூபி ஜெனோவா.
'அக்கா அந்த நெத்திலி வீடியோ, அவுக திரும்புவாகல்ல, அது இருக்கா?'
மறுநாள்: 'இருக்கா?'
அதற்கு மறுநாளும்.
எல்லாரும் என்னிடம் கேட்கிற அதே சொல்.
ஒவ்வொரு முறையும்
தானாகப் போகிற பதில் போயிருந்தது:
'இருப்பு உள்ளது உறவே. எத்தனை கிலோ வேண்டும்?'

முன்னூற்று எண்பதை மட்டும் அழிக்க முடியாது,
படத்தோடு ஒட்டிப்போன எழுத்து.
கீழே போட்டேன்:
'விலை மாறிவிட்டது. இவர் மாறவில்லை.'
நாடகம் மாதிரி இருந்தது.
இரண்டாவது வரியை எடுத்துவிட்டேன்.

நேற்று அண்ணன் கேட்டார்:
'அந்தப் பழசு ஒண்ணு கெடக்குதாமே, நல்லா ஓடுதாமே,
காசு போட்டு ஓட்டுவமா?'
'வேணாண்ணே, அது தானா ஓடுது.'
'ம்' என்றார்.

முதல் வரியையும் யாரும் படிப்பதில்லை.
சண்டைக்கு வருகிறவர்களுக்கு
முன்னூற்று எண்பதுக்கே அனுப்பிவிட்டு
மிச்சம் எண்பதை
என் கணக்கிலிருந்து போட்டுவிடுகிறேன்.
தேனியில் ஒருவர், மேலூரில் இரண்டு பேர்,
ஓசூர், அப்புறம் ஒரு வாத்தியார்.
இந்த மாசம் இதுவரை
நானூறு ரூபாய்.